காண்டா கம்பு முதல் மின்கல வண்டி வரை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போர்க்லிப்ட் வண்டியில் மின்சாரம் நல்லதா, டீசல் நல்லதா என்பதுதான் இன்றைய கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "இது பட்டறைக்காரர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, வரலாறு பேசுகிறவருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மெர்போக், செமிலிங், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று இந்த வட்டாரத்தைச் சுற்றி வந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாரம் சுமப்பதுதான் இந்த மண்ணின் மிகப் பழைய தொழில்.

புஜாங் பள்ளத்தாக்கின் அரும்பொருளகம் இருப்பது மெர்போக்கில். புக்கிட் பத்து பாகாட் கோயிலின் அடித்தளத்தை 1959, 1960ஆம் ஆண்டுகளில் சீரமைத்தார்கள். அதன் கற்களைப் பார்த்தாலே போதும், எத்தனை தோள்கள் அவற்றைத் தாங்கியிருக்கும் என்ற கேள்வி எழும். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் சிதைவுகளும் படகுத் துறைகளின் அடையாளங்களும் வெளிப்பட்டன. அவற்றின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் போக வேண்டாம். இரும்பை உருக்கினார்கள், ஆற்றங்கரைக்குச் சுமந்தார்கள், கப்பலில் ஏற்றினார்கள் என்ற அளவு நமக்குப் போதும். கடாரம் என்று 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை ஒட்டி நாம் பெருமையோடு பேசும்போது, அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனை ஒரு வரியிலும் நினைப்பதில்லை.

தோளும் கம்பும்

ரப்பர் காலத்துக்கு வருவோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் காண்டா கம்பை விளக்க வேண்டியதில்லை. இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன். தோளில் ஒரு கம்பு, அதன் இரு முனையிலும் ஒரு வாளி. 'கண்டார்' என்ற மலாய்ச் சொல்தான் நம் வாயில் காண்டா ஆனது. பினாங்கில் நம் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் இப்படித் தூக்கி விற்றதால்தான் நாசி கண்டார் என்ற பெயரும் வந்தது. வாளிக்கு 4 கேலன் பால் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாளிக்கும் சேர்த்து ஏறத்தாழ 36 கிலோ. மேட்டுக்காட்டில் வேர் தடுக்க, மழைச் சேறு வழுக்க, அந்தப் பாரத்தோடு பால் கொட்டகைக்கு நடக்க வேண்டும். ஆண்களும் நடந்தார்கள், பெண்களும் நடந்தார்கள்.

இந்தக் கம்பைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போர்க்லிப்ட் வேலை செய்வதும் இதே கணக்கில்தான். முன் சக்கரம் தோள். முன்னால் நீட்டிய இரண்டு இரும்பு நாக்குகளின் மேல் ஒரு பாரம். அதற்கு ஈடாகப் பின்பக்கம் இன்னொரு பாரம். பின்பாரம் குறைந்தால் வண்டி முன்னால் கவிழும். டீசல் வண்டியில் அந்தப் பின்பாரம் வெறும் வார்ப்பிரும்பு. மின்சார வண்டியிலோ மின்கலமே பாரமாகவும் நின்று கொள்கிறது. ஈயமும் அமிலமும் கொண்ட அந்தப் பெட்டி, இரண்டரை டன் தூக்கும் வண்டியில், கிட்டத்தட்ட ஒரு டன் எடை இருக்கும். சாலையில் ஓடும் காருக்கு அந்த எடை சாபம். போர்க்லிப்டுக்கு அதுவே வரம். இன்றைய லித்தியம் மின்கலம் எடை குறைந்தது என்று பெருமையாகச் சொல்கிறார்கள் அல்லவா? போர்க்லிப்டில் அதைப் பொருத்தும்போது, குறைந்த எடையை ஈடுகட்ட இரும்புக் கட்டிகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பது வேடிக்கை.

மூத்தது எது?

டீசல்தான் பழையது, மின்சாரம் நேற்று வந்தது என்பது பொதுவான எண்ணம். வரலாறு அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா இரயில் நிறுவனம், அல்தூனா நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடுத்துச் செல்ல மின்கலத்தில் ஓடும் தள்ளுவண்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. எரிபொருளில் ஓடும் தொழிற்சாலை வண்டி வந்தது அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து. 1917இல் மிச்சிகன் மாநிலத்தின் புக்கானன் ஊரில் இருந்த கிளார்க் நிறுவனம், அச்சு செய்யும் தன் ஆலைக்குள் சாமான்களை இழுக்க 'டிரக்டிராக்டர்' என்ற பெட்ரோல் வண்டியைச் செய்தது. விற்பதற்காகச் செய்ததன்று. ஆலைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதால் அது வணிகமாயிற்று. தூக்கும் நாக்கும் உயரும் கம்பமும் கொண்ட மின்சார வண்டியை யேல் நிறுவனம் 1923இல் கொண்டுவந்தது. இன்று நாம் பார்க்கும் போர்க்லிப்டின் உருவம் அதில்தான் தெரிகிறது.

நம் பக்கத்திலும் கதை இப்படித்தான். அதே 1906இல் பினாங்கு ஜார்ஜ் டவுனில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. பின்னர் மேலே கம்பி தொட்டு ஓடும் மின்சாரப் பேருந்துகளும் வந்தன. டிராம் 1936இல் நின்றது. மின்சாரப் பேருந்து 1961இல் நின்றது. அவற்றின் இடத்தை எண்ணெய் வண்டிகள் பிடித்துக்கொண்டன. ஒரு நகரமே மின்சாரத்தை வைத்திருந்து, பின்பு கைவிட்டது. எண்ணெய் மலிவாக இருந்தது, வண்டியை எங்கும் ஓட்டிப் போகலாம், கம்பி வேண்டாம். அந்தக் காலத்துக்கு அது தவறான கணக்கு என்று சொல்ல முடியாது.

தோட்டங்களிலோ இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மத்திய மின்சார வாரியம் 1949 செப்டம்பரில்தான் அமைக்கப்பட்டது. அப்போதும் மின்சாரம் நகரத்துக்கு உரியதாகவே இருந்தது. லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. தோட்ட ஆலையில் எண்ணெய் இயந்திரம் ஓடியது. பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடி, பிறகு அணைந்துவிடும். எட்டு மணி நேரம் மின்னேற்றம் கேட்கும் வண்டியை அங்கே யார் வாங்குவார்? தோட்டத்து மெக்கானிக்குக்குத் தெரிந்ததும் டீசல், கிடைத்ததும் டீசல்.

ஒரே ஆண்டில் இரண்டு உலகம்

போர்க்லிப்டை உலகம் முழுவதும் பரப்பியது இரண்டாம் உலகப் போர். அமெரிக்கப் படைகள் தளவாடங்களை மரத் தட்டங்களில் அடுக்கி, இந்த வண்டிகளால் கப்பலிலும் கிடங்கிலும் ஏற்றி இறக்கின. ஐம்பது பேர் நாள் முழுக்கச் செய்யும் வேலையைச் சில வண்டிகள் முடித்தன. 'பேலட்' எனப்படும் அந்த மரத்தட்டம் இல்லாவிட்டால் போர்க்லிப்ட் வெறும் இரும்பு. தட்டமும் வண்டியும் சேர்ந்ததுதான் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன்.

அதே 1942, 1943ஆம் ஆண்டுகளில் நம் மக்கள் எங்கே இருந்தார்கள்? ஜப்பானியர் ஆட்சியில், கெடா உட்பட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. மண்ணைக் கூடையில் அள்ளி, கையால் கொட்டி, கட்டையைத் தோளில் தூக்கிப் போட்ட பாதை அது. காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் விழுந்தவர்களின் முழுப் பட்டியல் யாரிடமும் இல்லை. இயந்திர வரலாற்றை எழுதுகிறவர்கள் போர்க்காலத்தைப் 'போர்க்லிப்டின் பொற்காலம்' என்று எழுதுவதுண்டு. படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் தொண்டையில் சிக்கும். இயந்திரம் இல்லாத இடத்தில் மனிதனையே இயந்திரமாக்கினார்கள்.

போருக்குப் பிறகு ஜப்பானே போர்க்லிப்ட் செய்யும் நாடாயிற்று. டொயோட்டா தன் முதல் போர்க்லிப்டை 1956இல் வெளியிட்டது. பிற்காலத்தில் நம் கிடங்குகளை நிரப்பியவை பெரும்பாலும் இந்த ஜப்பானிய வண்டிகளே.

ரப்பர் பொதி மாறியபோது

கெடா போன்ற ரப்பர் மாநிலத்துக்குள் போர்க்லிப்ட் நுழைந்த கதையில் எல்லாரும் மறந்துவிடும் ஓர் ஆண்டு 1965. அதுவரை நாம் செய்தது புகையூட்டிய ரப்பர் தகடு. தகடுகளை அழுத்திக் கட்டிய பொதி ஒன்று நூறு கிலோவைத் தாண்டும். 9 பொதி ஒரு டன் என்பது வணிகக் கணக்கு. வெளியே டால்க் மாவுக் கரைசலைப் பூசி, முத்திரை குத்தி, ஆட்கள் உருட்டியும் புரட்டியும் லோரியில் ஏற்றுவார்கள். பினாங்கில் தோங்காங் படகிலும் கப்பலிலும் ஏற்றியதும் மனித முதுகுகள்தாம். அந்தத் துறைமுகத் தொழிலாளர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்பது பினாங்குக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செயற்கை ரப்பரின் போட்டி கடுமையானபோது, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் முயற்சியால் 1965இல் எஸ்.எம்.ஆர். எனப்படும் தர ரப்பர் திட்டம் வந்தது. ரப்பரைத் துருவலாக்கி, காயவைத்து, கட்டியாக அழுத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்கள். ஒரு கட்டி 33.33 கிலோ, 30 கட்டி ஒரு டன். காண்டா கம்பில் நம் பாட்டி சுமந்த பாலின் எடையும் ஏறக்குறைய இதுதான்! ஆனால் இந்தக் கட்டியை ஒவ்வொன்றாக யாரும் தோளில் சுமக்கவில்லை. 36 கட்டியை ஒரே தட்டத்தில் அடுக்கினால் 1.2 டன். அதைத் தூக்க எந்தத் தோளாலும் முடியாது. பொதியின் வடிவம் மாறியதும் ஆலைக்குப் போர்க்லிப்ட் கட்டாயமாயிற்று. இயந்திரம் வந்து வேலையை மாற்றியது என்று சொல்வது வழக்கம். இங்கே பண்டம் மாறி இயந்திரத்தை அழைத்து வந்தது.

ஆலைக்கு வந்த வண்டிகள் டீசல். காரணம் தெளிவு. ரப்பர் ஆலையின் முற்றம் நீரும் சேறும் கலந்தது, சரிவு உண்டு, மழையில் நின்று லோரிக்கு ஏற்ற வேண்டும். டீசல் இவற்றுக்கு அஞ்சாது. தீர்ந்தால் சில நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம், மறுபடி ஓடும். அந்தக் காலத்து மின்சார வண்டியில் வேகத்தைக் குறைக்கத் தடைக்கம்பிச் சுருள்கள்தாம்; மின்சாரத்தில் ஒரு பகுதி வெறும் சூடாகவே வீணாகும். மின்கலத்துக்கு எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர மின்னேற்றம், எட்டு மணி நேர ஆறுதல். இரண்டு ஷிப்டு ஓடும் ஆலைக்கு இரண்டாவது மின்கலம் வேண்டும். அந்த ஒரு டன் பெட்டியை மாற்றத் தனி ஏற்பாடும் வேண்டும். காய்ச்சி வடித்த நீரை மறந்தால் மின்கலம் செத்துப்போகும். முறையாகப் பார்த்துக்கொண்டால் ஐந்தாண்டு உழைக்கும். ஆனால் 'முறையாக' என்ற சொல்லுக்கு நம் ஆலைகளில் என்ன மதிப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. பழைய மின்கலங்களின் வெளிப்பெட்டி எபொனைட் எனப்படும் கடின ரப்பரால் ஆனது. அமிலம் அரிக்காத பொருள் அது. டீசல் வண்டியின் கெட்டி டயரும் ரப்பர், மின்சார வண்டியின் மின்கலப் பெட்டியும் ரப்பர். யார் வென்றாலும் பால்மரத்துக்கு நட்டமில்லாமல் இருந்தது. பால் வெட்டியவனுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கதை.

காற்று யாருக்கு?

தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் விற்கப்பட்டதும் செம்பனைக்கு மாறியதும் நமக்குத் தெரிந்த வரலாறு. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார், மகன் கையுறைத் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான் என்பது இந்த வட்டாரத்தில் பல வீடுகளின் சுருக்கமான வரலாறு. ஆகவே எந்த வண்டி என்ற கேள்வியை முதலாளியின் கணக்குப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் வகைப்படுத்தியது. அதற்கு முன்பு 'தரக்கூடியது' என்ற அளவில் இருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாத முதல் பிரிவுக்கு ஏற்றப்பட்டது. திறந்த வெளியில் புகை கலைந்துவிடும். மூடிய கிடங்கில், கொள்கலனுக்குள் நுழைந்து சரக்கை அடுக்கும்போது அது எங்கே போகும்? ஓட்டுநரின் மூக்குக்கும், தட்டத்தின் அருகே நின்று எண்ணும் பெண்ணின் மூக்குக்கும்தான். எல்.பி.ஜி. வாயு வண்டி புகை குறைந்தது என்பார்கள். கரி குறைவு என்பது உண்மை. ஆனால் இயந்திரம் சரியாகச் சீர்செய்யப்படாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

மின்சார வண்டிக்கும் ஆபத்து உண்டு. ஈய மின்கலத்தில் மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றோட்டமில்லாத அறையில் சிகரெட் பற்றவைத்தால் வெடிக்கலாம். அமிலம் கண்ணில் பட்டால் பார்வை போகும். இன்னொன்று, சத்தமே இல்லாமல் வருவதால் நடந்து போகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை. டீசல் வண்டியின் இரைச்சல் ஒருவகையில் மணியோசை போலிருந்தது. எந்த வண்டியாக இருந்தாலும் பின்சக்கரத்தால் திரும்புவது போர்க்லிப்ட். பின்பாகம் சட்டென்று வீசும். கவிழும்போது குதிக்க முயன்றவர்களைத்தான் மேற்கூரை நசுக்குகிறது. இடைவாரைக் கட்டிக்கொண்டு, திருப்புவளையத்தை இறுகப் பற்றி, இருக்கையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பயிற்சி அளிக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்திருக்கிறது. 'நீ கார் ஓட்டுவாயே, இதையும் ஓட்டு' என்று சாவியைக் கொடுக்கும் இடம் இருந்தால், பிள்ளைகள் அதை மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு திரும்பிய காலம்

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இரண்டரை டன் தூக்கும் டீசல் வண்டி, ஓயாமல் வேலை செய்தால், மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். அதே வேலைக்கு மின்சார வண்டி, மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 7, 8 யூனிட் எடுக்கும் என்று வைக்கலாம். டீசல் லிட்டர் 3 வெள்ளி, மின்சாரம் யூனிட் 50 காசு என்று வசதிக்காகக் கொண்டால், ஒரு பக்கம் 9 வெள்ளி, மறுபக்கம் 4 வெள்ளி. எண்ணெய் மாற்றுவது, வடிகட்டி மாற்றுவது, ரேடியேட்டர் பார்ப்பது எல்லாம் மின்சார வண்டிக்கு இல்லை. ஆனால் வாங்கும்போது அதன் விலை அதிகம். ஆண்டுக்கணக்கில் ஓயாமல் ஓடும் ஆலைக்கு அந்த வித்தியாசம் திரும்பி வரும்; நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டும் சிறு பட்டறைக்கு வராது. விற்பனையாளர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை.

தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் தேதி, நிலையங்களில் விற்கும் டீசல் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. மானியத்தை நம்பிப் போட்ட கணக்குகள் பல அன்று கலைந்தன. ஈய மின்கலத்தின் பழைய குறைகளை லித்தியம் தீர்த்தது இன்னொரு காரணம். தேநீர் வேளையில் செருகி வைத்தால் ஓரளவு ஏறிவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரண்டாவது மின்கலமும் வேண்டாம். தடைக்கம்பிச் சுருள் போய் மின்னணுக் கட்டுப்பாடு வந்ததால், வீணாகும் மின்சாரமும் வெகுவாகக் குறைந்தது.

நம் வட்டாரத்து இரயிலையே பாருங்கள். 1957இல் டீசல் இழுவை இயந்திரங்கள் வந்து நீராவியை விரட்டின. 2015 ஜூலையில் மின்சார இரயில் சுங்கைப் பட்டாணி வழியாகப் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியது. பினாங்கில் 1936இல் இறக்கிவிட்ட மின்சாரம், கிட்டத்தட்ட எண்பது ஆண்டு கழித்து வேறு தடத்தில் திரும்பி வந்தது.

இருந்தாலும் டீசலைக் குறை சொல்லியே பேச்சை முடிக்க நான் விரும்பவில்லை. செம்பனை ஆலையின் சேற்று முற்றத்திலும், மர ஆலையிலும், சரிவான களத்திலும், பத்து டன்னுக்கு மேல் தூக்கும் துறைமுக வேலையிலும் டீசல் இன்னும் நம்பகமான உழைப்பாளி. மூடிய கிடங்கு, உணவுப் பொருள், கையுறை, மின்னணுச் சாதனம் என்றால் மின்சாரம்தான் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடங்களில்தான் முதலாளி மிச்சம் பிடிக்கிறார், தொழிலாளி இருமுகிறார். அங்கே தொழிற்சங்கமும் பாதுகாப்புக் குழுவும் கேள்வி கேட்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வேலை வாய்ப்பும் இருக்கிறது. டீசல் மெக்கானிக்குகள் நம்மிடையே ஏராளம். மின்கலத்தையும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் பழுது பார்ப்பவர்கள் குறைவு. 2001இல் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மெர்போக்குக்கு அருகே செமிலிங்கில்தான் இருக்கிறது; பொறியியலும் கற்பிக்கிறது. கூலிமில் 2006 முதல் இயங்கும் இன்பினியோன் நிறுவனம், 2024 ஆகஸ்டு 8ஆம் தேதி சிலிக்கான் கார்பைடு சில்லு செய்யும் புதிய ஆலையைத் திறந்தது. மின்சார வண்டிகளில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு வகை அது. சுங்கை பத்துவில் இரும்பை உருக்கிய கெடாவில் இப்போது அந்தச் சில்லும் உருவாகிறது. பெட்டிகளில் அடுக்கிய அந்தச் சில்லுகளையும் ஆலையிலிருந்து லோரிக்கு யாரோ ஒருவர் தட்டத்தோடு தூக்கி வைக்க வேண்டும்.